மூக்கு நிமிர்ந்த பிக்கப்

மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிற ஞானேந்திரனுக்கு ஒரேயொரு ஆசைதான் மிச்சமிருந்தது. 2006 வசந்தத்தில் அதுவும் நிறைவேறியது. பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். முந்திய சொந்தக்காரன் அதை ஏற்கெனவே உயர்த்தியிருந்தான். ஆனால் பின்பக்கம் எழும்பி, முன்பக்கம் தாழ்ந்து கிடந்தது.

"ஆரையோ கும்பிடுற மாதிரி நிக்குது" என்று மனைவி கௌரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குச் சுட்டுவிட்டது.

நண்பர் கணேசலிங்கத்தின் கராஜில் முன் ஸ்பிரிங்குகளுக்கு மேலே இரும்புத் துண்டு வைத்து, முன்பக்கத்தைப் பின்பக்கத்துக்குச் சமமாகத் தூக்கினார்கள். அதோடு விட்டிருக்கலாம். மனிதர் விடுவாரா? இடுப்பளவு உயரத்தில் நான்கு டயர்கள் வந்து இறங்கின. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசியது. டயருக்கு மேலே உரசிய பிளாஸ்டிக் மூடியை அரிந்து எறிந்தார்கள்.

"அண்ணை, இனிப் பொனட்டுக்கு முன்னால கிட்ட நிக்கிறது ஒண்டும் தெரியாது. பாத்து ஓடுங்கோ" என்றார் கணேசலிங்கம்.

"எனக்கென்னப்பா, மேல இருந்தா மொன்றியல் முழுக்கத் தெரியுது!"

கார்ட்டியர்வில் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றதும் கௌரி எலுமிச்சம்பழங்களோடு வெளியே வந்தாள். பழம் நசுக்காமல் எந்த வண்டியும் அந்த வீட்டிலிருந்து றோட்டுக்கு இறங்கியதில்லை.

"டயர் மாத்தினதுக்கும் தேசிக்காயோ?"

"ஓம். பேசாமல் ஏறுங்கோ."

அவர் ஏறி இஞ்சினைப் போட்டார். அவள் ஒவ்வொரு டயருக்கும் முன்னால் பழம் வைத்துவிட்டு, வலப்பக்கம் நின்று கையைக் காட்டினாள். "சரி, எடுங்கோ!"

வாசல் கொஞ்சம் சரிவு. அவள் கையை இறக்குவதற்குள் முன்டயர் பழம் உருண்டு வண்டிக்கு முன்னால் ஓடியது. சகுனம் பிழைத்துவிடுமே என்று அவள் பாய்ந்து குனிந்தாள்.

ஞானேந்திரனுக்குப் பளபளக்கும் பொனட் தெரிந்தது. எதிர்வீட்டு மேப்பிள் மரம் தெரிந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி நாலடி நகர்ந்தது, ஒரு குலுக்கல் இல்லை. நிறுத்தி, இஞ்சினை அணைத்து, திறப்பை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துள்ளிக் குதித்து இறங்கினார்.

"பாத்தீரே? ஒரு ஆட்டமில்லை!"

வண்டியைச் சுற்றி வலப்பக்கம் வந்தார்.

"கௌரி?"

கதவடியில் அவள் இல்லை. வண்டிக்குப் பின்னாலும் இல்லை. டயருக்குப் பக்கத்தில் அவளுடைய செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

முழங்காலில் விழுந்து கீழே பார்த்தார். இரண்டு பக்கத்து டயர்களுக்கும் நடுவில் கௌரி மல்லாந்து கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன, அசையவில்லை. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தார்.

பிறகு அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"வண்டியை அசைச்சுப் போடாதேங்கோ" என்றாள்.

பம்பர் தள்ளி விழுத்தியதில் முழங்கை உரசிய காயத்தோடு அவள் ஊர்ந்து வெளியே வந்தாள். முன்பு வைத்திருந்த சின்னக் காராக இருந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கார் அவளை மறைத்திருக்கவும் மாட்டாது. ஞானேந்திரன் அவளுடைய கையைப் பிடித்தார், அவள் உதறிவிட்டாள்.

"என்னைக் காணேல்லையோ?"

"இல்லை... சத்தியமாக் காணேல்லை."

"என்னை ஏத்தி விடுங்கோ."

அவளைச் சாரதி இருக்கையில் ஏற்றிவிட்டார்.

"இப்ப முன்னால போய் நில்லுங்கோ. நான் குனிஞ்ச மாதிரிக் குனியுங்கோ."

சொன்னபடி போய்க் குனிந்தார். முகத்துக்கு நேரே பம்பர், அதன் பின்னாலிருந்து இஞ்சின் சூடு அடித்தது. அதற்கு மேலே வானம். அவளுடைய முகத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. திறப்பு தன் சட்டைப்பையில்தான் கிடக்கிறது என்பது தெரிந்தும் அவர் இரண்டு கைகளாலும் பம்பரைத் தள்ளிப் பிடித்தார்.

மேலேயிருந்து அவளுடைய குரல் வந்தது, மெல்ல, உடைந்து.

"ஐயோ... நீங்கள் அங்க இல்லையப்பா."