சுவரில் ஒட்டாத சாவு

புதன்கிழமை விடியற்காலையில் கத்தெல்லோ செத்துப்போனார். முப்பத்தெட்டு வருஷமாக, இத்தாலியில் கடலோர மலைமேல் இருக்கும் பெத்ரசால்வா ஊரின் குழாய்களையெல்லாம் பார்த்துக்கொண்ட மனுஷன். அவர் கை படாத தண்ணீர்த்தொட்டி அந்த ஊரில் கிடையாது. காப்பியை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், அது பொங்கி வழிந்தபோதும் எழுந்திருக்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த மஃபால்தா முதலில் அடுப்பை அணைத்தாள், கணவரைத் திட்டினாள், அதற்குப் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மஃபால்தா கணவரைத் துடைத்து, மகன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிவிட்டாள். மகன் அர்ஜென்டினாவில் இருந்தான். அவன் வந்து சேருவதற்குள் ஜூன் மாத வெயில் காத்திருக்காது. மறுநாள் காலை பத்து மணிக்கு அடக்கம் என்று அவளே தீர்மானித்து, எட்டு மணிக்குச் சவப்பெட்டிக் கடைக்குப் படியிறங்கினாள். வீட்டிலிருந்து கோவில் வரைக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். வண்டி, வாகனம், கழுதை எதுவும் ஏறாது. மலையில் இருக்கிறவன் செத்தால் ஊர்க்காரர்கள் ஆறு பேர் தோள் கொடுத்துத்தான் இறக்க வேண்டும்.

அந்த ஆறு பேரை யாரும் போய்க் கூப்பிடுவதில்லை. கூப்பிடுவது செத்தவனுக்கு அவமானம். கறுப்புக் கரை போட்ட தாளில் பெயரையும் நேரத்தையும் அச்சடித்துச் சுவர்களில் ஒட்டிவிட்டால் போதும், படித்தவன் வருவான். படித்தும் வராதவன் வீட்டுச் சாவுக்கு ஒரு நாயும் எட்டிப் பார்க்காது. ஆனால் தாள் ஒட்டாத வரைக்கும் அந்தச் சாவு நடந்ததாகவே கணக்கில்லை. அழுகுரல் பத்து வீட்டுக்குக் கேட்டிருந்தாலும் ஒருவரும் துக்கம் விசாரிக்கக் கூடாது.

சவப்பெட்டிக் கடைக்காரன் கொஸ்தாபிலே விவரம் கேட்டுத் தாள்களை உடனே அச்சடித்துவிட்டான். எடுத்துக் கொடுக்கத்தான் கை வரவில்லை.

"அத்தை, தாளு ரெடி. ஆனா ஒட்ட முடியாது."

"ஏன், பசை தீந்துபோச்சா?"

"மேயர் உத்தரவு. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் சுவத்துல ஒரு துண்டுக் காகிதம் இருக்கப்படாதாம். மிலானோலேருந்து பத்திரிகைக்காரங்க வர்றாங்கல்ல, அந்தப் பட்டியலுக்காக."

"எந்தப் பட்டியலு?"

"நம்ம கடற்கரையில, சாவறதுக்கு முன்னாடி பாத்தே ஆகவேண்டிய பத்து ஊரு."

மஃபால்தா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சாவறதுக்கு முன்னாடி பாக்கணும். செத்தவன் பேரை மட்டும் பாக்கப்படாது. நல்லாருக்குடா உங்க நியாயம்."

"என்னைக் கோவிச்சு என்ன பண்ண அத்தை? என் கடைக்கு அனுமதி அவங்க கையில இருக்கு." கொஸ்தாபிலே பெட்டியின் மூடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

பக்கத்து ஊர் போன வருஷம் அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாக வந்துவிட்டது. அன்றிலிருந்து மேயர் லிபெராத்தோவுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதமாக ஊரைப் பிடித்துச் சீவிச் சிங்காரித்துக்கொண்டிருந்தான். மாடியில் வெள்ளைத் துணி மட்டும்தான் காயப்போட வேண்டும், அதுவும் கிழிசல் இல்லாமல். சதுக்கத்து எலுமிச்சை மரத்தில் அந்த வருஷம் காய் குறைவு என்று சந்தையிலிருந்து எலுமிச்சை வாங்கி வந்து கம்பியால் கட்டினார்கள். ஊரின் கடைசி மீன்படகு விற்றுப்போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதனால் என்ன, படிக்கட்டு மேடையில் ஐந்து ஆண்பிள்ளைகள் கோடு போட்ட பனியன் போட்டுக்கொண்டு வலை பின்ன வேண்டும் என்று ஏற்பாடு. ஐந்து பேர்தான், ஏனென்றால் பனியன் ஐந்துதான் கிடைத்தது. நாவிதர் சாபத்தோவும் அதில் ஒரு மீனவர். படகில் ஏறினாலே வாந்தியெடுக்கிற ஆள்.

விஷயம் எட்டியதும் லிபெராத்தோ மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். பிணத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

"மஃபால்தா, உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடக்கத்தை வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்கோ. கத்தெல்லோவுக்கு ஒருநாள் முன்னப்பின்ன ஆனா என்ன?"

"ஜூன் மாசம்டா. அவரென்ன கருவாடா, வெயில்ல போட்டு வைக்க?"

"ஊரு நல்லதுக்குத்தான் சொல்றேன். நகராட்சி சார்புல பெரிய மலர்வளையம் அனுப்பறேன். நானே வந்து பேசறேன்."

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு உன் வீட்டுக் கொதிகலன் வெடிக்கப் போச்சே, ஞாபகமிருக்கா? சாப்பாட்டுத் தட்டை அப்படியே வெச்சிட்டு ஓடினாரு. ஒருநாள் முன்னப்பின்ன ஆனா என்னன்னு அவரு கேட்டாரா?"

"அதுக்காகத்தான் சொல்றேன், அவரு இருந்திருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாரு."

அதுதான் மஃபால்தாவுக்குச் சுருக்கென்றது. சொல்லியிருப்பார்தான். கேட்டவனுக்கெல்லாம் சரி சொல்வது அவருடைய பிறவி வியாதி. ஓசியில் வேலை வாங்கிக்கொண்டு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து அனுப்புவார்கள், அதையும் சிரித்துக்கொண்டே வாங்கி வருவார். அவள் கதவைத் திறந்து பிடித்தாள். மேயர் வெளியே போனான்.

மதியம் அவளே பசையைக் காய்ச்சி, கொஸ்தாபிலேயிடம் பிடுங்கி வந்த தாள்களோடு இறங்கி, கோவில் வாசலிலும் கசாப்புக் கடைச் சுவரிலும் நான்கு தாள்கள் ஒட்டினாள். திரும்பிப் பார்ப்பதற்குள் ஊர்க் காவலர் நினுச்சோ பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தான். "மன்னிச்சிரு அத்தை, என் வேலை போயிரும்" என்று உரிக்கிற ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டான். உரித்ததை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். அவனுடைய மழைநீர்க் குழாயை மாற்றியதும் கத்தெல்லோதான்.

அவள் படியேறினாள். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரி செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள். கசாப்புக் கடைக்காரன் உள்ளே போய்விட்டான். சாபத்தோ, "என்ன வெயில் அத்தை!" என்றான். எல்லோருக்கும் தெரியும். தாள் ஒட்டவில்லை, அதனால் தெரியாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, பெத்ரசால்வாவில் பூனையும் வேண்டாம், மேயர் ஒரு உத்தரவு போட்டால் போதும். மணியடிக்கச் சொல்லிப் பாதிரியாரிடம் கொஸ்தாபிலேயை அனுப்பியதற்கு, "தாள் ஒட்டினதுக்கப்புறம்தானே மணி" என்று பதில் வந்தது. மஃபால்தாவுக்கு அழுகை வரவில்லை. இந்த ஊருக்கா இவர் முப்பத்தெட்டு வருஷம் தண்ணீர் விட்டார் என்று அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கொஸ்தாபிலே பெட்டியை மூடிவிட்டுக் கையைப் பிசைந்தான். அவனுடைய ஆட்கள் கீழே ரோட்டோடு சரி. வாசலில் ஒருவரும் இல்லை. கீழே மேடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மஃபால்தா எட்டிப் பார்த்தாள். மிலானோக்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள், கழுத்தில் கேமரா தொங்கிற்று. மேயருக்குரிய மூவர்ணப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு லிபெராத்தோ கடலைக் கையால் காட்டினான், ஏதோ நேற்று இவன்தான் வெட்டி வைத்த மாதிரி. பொய் மீனவர்கள் ஐந்து பேரும் வலையில் விரலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மஃபால்தா எண்ணினாள். ஐந்து.

உள்ளே போய்ப் பசைச் சட்டியை எடுத்தாள். தன் கறுப்பு உடுப்பின் மார்பில் ஒரு தாளை வைத்துத் தேய்த்தாள். திரும்பி நின்று, "முதுகுல ஒண்ணு ஒட்டு" என்றாள்.

"அத்தை, என்ன பண்ற?" கொஸ்தாபிலே மிரண்டான்.

"சுவத்துல ஒட்டக் கூடாதுன்னுதானே உத்தரவு? நான் சுவரா? ஒட்டு."

ஒட்டினான். அவள் கத்தெல்லோவின் பெயரை மார்பில் சுமந்துகொண்டு மேடைக்கு இறங்கினாள். மிலானோக்காரர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே சாபத்தோவின் முன்னால் போய் நின்றாள்.

"படி."

சாபத்தோ வலையைப் பார்த்தான்.

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் படி. எழுத்து பெருசாத்தான் இருக்கு."

வேறு வழியில்லை, கண் அதில் விழுந்துவிட்டது. சாபத்தோ எழுந்தான், தொப்பியைக் கழற்றினான். "கடவுளே, கத்தெல்லோவா!" என்றான், அந்த நிமிஷம்தான் கேள்விப்பட்டவன் மாதிரி. அந்த நடிப்பு முடியும் வரைக்கும் மஃபால்தா அங்கே நிற்கவில்லை. அடுத்தவன் முன்னால் போனாள். அடுத்தவன் முன்னால் போனாள். ஒவ்வொருவனாகப் படித்து, எழுந்து, தொப்பியைக் கழற்றினான். ஐந்து பேரும் கத்தெல்லோவின் வீட்டை நோக்கிப் படியேறினார்கள்.

கேமராக்கள் இடைவிடாமல் சொடுக்கின. மூவரில் ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டு, "எவ்வளவு பழைய வழக்கம்!" என்றாள்.

மஃபால்தா கடைசியாக மேயரின் முன்னால் நின்றாள்.

"மஃபால்தா, இப்ப வேணாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான் லிபெராத்தோ. உதடு மட்டும் கேமராவுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"படிச்சாச்சா?"

"ஊரைக் கெடுத்திராதே, கெஞ்சிக் கேக்கறேன்."

"படிச்சவன் வரணும். இல்ல, வர மாட்டேன்னு இவங்க முன்னாடி சத்தமாச் சொல்லு. சொன்னா நான் போயிடறேன்."

மூன்று கேமராக்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. லிபெராத்தோ பட்டையைச் சரிசெய்துகொண்டு படியேறினான். ஆறு.

முந்நூற்றுப் பன்னிரண்டு படிகளையும் கோடு போட்ட பனியன்கள் ஐந்தும் மூவர்ணப் பட்டை ஒன்றும் சுமந்து இறங்கின. முன்னால் இடது பக்கம் மேயர். ஒவ்வொரு திருப்பத்திலும் கேமராவைப் பார்த்து முகத்தைத் தூக்கினான், பெட்டி அவன் பக்கம் சாய்ந்தது. "சிரிக்கறதை நிறுத்திட்டுத் தோளைத் தூக்கு, அவரு உள்ள உருள்றாரு" என்று பின்னாலிருந்து மஃபால்தா சொல்லிக்கொண்டே வந்தாள். இதெல்லாம் முடிந்ததும் வீட்டுக்குப் போய் இவரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று ஒரு திருப்பத்தில் அவளுக்குத் தோன்றியது. அங்கே மட்டும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

மணி அடித்தது. வழி நெடுகக் கதவுகள் திறந்தன. அவள் முதுகைப் படித்தவர்கள் பின்னாலேயே வந்தார்கள். கோவில் நிறைந்துவிட்டது. வாசலில் ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்து, "இப்பதான் தெரிஞ்சுது மஃபால்தா" என்றார்கள். நினுச்சோவும் சொன்னான். அவள் கையைக் கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு லிபெராத்தோ வெளியே ஓடினான். மிலானோக்காரர்களோடு ஏதோ பேசினான், அவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். வியர்வை சொட்டச் சொட்ட, முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான். பூசை தொடங்கப் போகிற நேரத்தில் மஃபால்தாவின் காதருகே குனிந்தான்.

"கிடைச்சிரும் மஃபால்தா, நிச்சயமா கிடைச்சிரும். இத்தனை ஊரு பாத்தோம், இந்த மாதிரி ஒண்ணு எங்கயும் பாக்கலைன்னு சொல்றாங்க. இது வருஷா வருஷம் எந்தத் தேதியில நடக்கும்னு கேக்கறாங்க. பட்டியல்ல போடணுமாம். என்ன சொல்லட்டும்?"

"அடுத்தது உன்னுதுன்னு சொல்லு. தேதியை நீயே முடிவு பண்ணிக்கோ."

சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். லிபெராத்தோ புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தான்.