கோடு போட மறுத்த அல்பேர்ட்

முல்லைத்தீவுக் கரையில் வள்ளத்துக்குப் பெயர் எழுத வேண்டுமென்றால் எல்லோரும் அல்பேர்ட்டைத்தான் தேடி வருவார்கள். அவனிடம் பென்சிலும் இல்லை, அடிமட்டமும் இல்லை. பெயின்ற் தகரத்தைத் திறப்பான், பிரஷைத் தோய்ப்பான், ‘சமுத்திரத் தாய்’ என்று ஒரே மூச்சில் எழுதி முடிப்பான். கடைசி எழுத்துக்கு இடம் போதாவிட்டால் அதை மட்டும் கொஞ்சம் ஒல்லியாக்கி விடுவான்.

“கோடு போட்டு எழுதுறது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர வேலை” என்பான்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, புனித பேதுருவின் திருநாளுக்கு இரண்டு மாதம் இருந்தபோது, பங்குச் சுவாமி அவனைக் கூப்பிட்டார். கோயில் பீடத்துக்குப் பின்னாலுள்ள சுவரில் ஒரு படம் வேண்டும். யேசுவின் சொல்லைக் கேட்டுப் பேதுரு வலை வீசி, வள்ளம் தாழும் அளவுக்கு மீன் பிடித்த அந்தக் காட்சி. மாதிரிக்குச் சுவாமி ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்தார். ரபாயேல் என்ற இத்தாலிய ஓவியர் நானூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு கீறிய படம்.

அல்பேர்ட் மூன்றே நாளில் முடித்துவிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சனம் சுவரடியில் கூடியது. பேதுருச் சம்மாட்டியார் முன்னால் வந்து நின்றார். ஐந்து வள்ளமும் ஒரு கரைவலையும் வைத்திருக்கிற மனிதர்.

“டேய் அல்பேர்ட், இந்த மனுசன் வலை இழுக்கிறானோ, வயித்துக்குத்தில நெளியிறானோ?”

கோயிலுக்குள் என்றும் பாராமல் எல்லோரும் சிரித்தார்கள்.

“வள்ளத்தைப் பாருங்கோவன்,” என்றார் இன்னொருவர். “மாக் கரைக்கிற சட்டி மாதிரி இருக்கு. மூண்டு பேர் ஏறினால் மீன் பட முந்தியே தாழும்.”

“புத்தகத்திலயும் வள்ளம் அவ்வளவுதான்!” என்று அல்பேர்ட் கத்தினான். அதற்கும் சிரித்தார்கள்.

அன்று பின்னேரமே சுண்ணாம்பு வாளியோடு சுவாமியிடம் போனான். “அழிச்சுப்போட்டு விட்டிடுறன் சுவாமி. எனக்கு வள்ளப் பேர் எழுதிறதே காணும்.”

சுவாமி அவனைக் கதிரையில் இருத்தி, அதே புத்தகத்தின் பின்பக்கங்களைப் புரட்டினார். அங்கே வர்ணம் இல்லை. சிவப்புச் சோக்காலும் கரியாலும் கீறிய கோடுகள் மட்டும். குனிந்த ஒரு முதுகு. அதே முதுகு வேறொரு பக்கம் திரும்பி. ஒரே கை நாலு இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக.

“இது ஆர் கீறினது?”

“அவர்தான். வேலை பழகிற பெடியளை நிப்பாட்டி வைச்சு, பார்த்துப் பார்த்துக் கீறுவாராம். சரி வருமட்டும் கோட்டிலதான் யோசினை. பெயின்ற் எல்லாம் பிறகு.”

“அப்ப இவருக்கும் பிழைச்சிருக்கு.”

“ஓம். பக்கம் பக்கமாய்ப் பிழைச்சிருக்கு.”

அல்பேர்ட்டுக்கு ஏனோ மனம் லேசாகிவிட்டது. தன் பிழைகளை இவ்வளவு நாளும் பெயின்றுக்கு அடியில் ஒளித்தவன் அவன். இந்த மனிதரோ ஒன்றையும் ஒளிக்கவில்லை. புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அவன் மனைவி புனிதம் தலையணை உறைகளுக்குப் பூ வேலை செய்கிறவள். ஒரு பக்கத்தைக் கண்டதும் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழும்பி வந்தாள்.

“இஞ்சருங்கோ, இந்தக் கோட்டில எல்லாம் ஊசியால துளை போட்டிருக்கிறார். நான் பூவைத் துணியில பதிக்கிறதும் இப்பிடித்தானே! கடதாசியில துளை போட்டு, மேல கரித்தூள் ஒத்தினால் அப்பிடியே இறங்கும்.”

“பெரிய ஓவியருக்கு உன்ர வேலை தெரிஞ்சிருக்கு.”

“எனக்கு அவற்ர வேலை தெரிஞ்சிருக்கு எண்டு சொல்லுங்கோ.”

அடுத்த நாள் விடிய ஒரு கொப்பியும் பென்சிலுமாகச் சம்மாட்டியாரின் வள்ளத்தில் ஏறினான். அதுவரை அவன் வள்ளங்களில் பெயர் எழுதியிருக்கிறானே தவிர, ஒன்றிலும் கடலுக்குப் போனதில்லை. முதல் நாள் முழுக்க வள்ள விளிம்பில் குனிந்து சத்தி எடுத்ததுதான். இரண்டாம் நாள் கண் திறந்தது.

“அண்ணை, கொஞ்சம் அப்பிடியே நில்லுங்கோ.”

“நிண்டால் வலை போயிடும். நீ கெதியாய்க் கீறு.”

முதல் இருபது தாள்களில் மனிதர்கள் புயலில் சரிந்த தென்னைகள் போலிருந்தார்கள். பிறகு ஒன்றைக் கவனித்தான். வலையின் பாரம் முழுக்கக் கையில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தான். உண்மையில் அது இடுப்பில் இறங்கி, குதிக்காலில் போய் நிற்கிறது. முதலில் குதிக்காலைக் கீறினான். முதுகு தானாக வளைந்து வந்தது.

மூன்று கிழமையில் நாலு கொப்பி முடிந்தது. சீமெந்துப் பைக் கடதாசிகளை ஒட்டிச் சுவரளவுக்குப் பெரிய கோட்டுப்படம் ஒன்று கீறினான். வள்ளத்தை மட்டும் நல்ல நீளமாக்கினான். அதைப் பார்த்த சுவாமி தாடையைத் தடவினார்.

“ஆக்கள் பெரிசாய்த் தெரியவேணும் எண்டுதான் ரபாயேல் வள்ளத்தைச் சின்னனாய்ப் போட்டவராம்.”

“அவருக்கு அது சரி சுவாமி. அவற்ர படத்தைப் பார்க்கிறவையள் கடலுக்குப் போறவையள் இல்லை.”

சுவாமி சிரித்து விட்டுவிட்டார்.

புனிதம் கோடு நெடுகத் துளை போட்டாள். பழைய படத்தை மறைத்துச் சுண்ணாம்படித்த சுவரில் கடதாசியைப் பிடித்து, கரித்தூள் முடிச்சால் இருவரும் ஒத்தினார்கள். கடதாசியை எடுத்தபோது, கறுப்புப் புள்ளிகளாக யேசுவும் பேதுருவும் இரண்டு வள்ளங்களோடு சுவரில் தெரிந்தார்கள். வர்ணம் பூச ஒரு கிழமைதான் பிடித்தது.

திருநாளன்று கோயிலில் பாட்டுச் சத்தத்தை விடக் குசுகுசுப்புத்தான் கூட. “அது என்ர முதுகு.” “போடா, உன்ர முதுகு இவ்வளவு அகலமோ?” முழந்தாளிட்டிருந்த பேதுருவில் தன் மூக்கைக் கண்ட சம்மாட்டியார், பூசை முடியுமட்டும் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அல்பேர்ட்டின் தோளில் கைவைத்து, “வள்ளம் இனி மிதக்கும்” என்று மட்டும் சொன்னார்.

பேதுருவுக்குப் பின்னால் வியப்பில் கைகளை விரித்து நின்ற அவருடைய சகோதரன் அந்திரேயாவை ஒருவரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அந்தக் கைகளில் ஒன்றின் சுட்டுவிரல் நுனியில் ஊசி குத்திய சின்னத் தழும்பு இருந்தது. பெண்கள் பக்கம் இருந்த புனிதம் அதைக் கண்டாள். முகம் சிவக்க, இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.