பதினாறு காலங்களும் ஒரு கையெழுத்தும்

திங்கட்கிழமை மதியம் என் மகள் எல்வீரா தன் மகளின் பள்ளி நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்து என் சூப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே சிவப்பு மையில் நான்கு வரிகள். ‘மதித்தல்’ என்ற வினைச்சொல்லை எல்லாக் காலங்களிலும், தன்மை முன்னிலை படர்க்கை எதுவும் விடாமல் எழுதி, பாதுகாவலரின் கையெழுத்தோடு வியாழன் நண்பகலுக்குள் ஒப்படைக்க வேண்டும். கீழே பெயர்: டெல்மா மொரேய்ரா, ஏழாம் வகுப்பு ஆசிரியை.

நான் முப்பத்தொரு வருடம் இந்த ஊரின் சமாதான நீதிபதியாக இருந்தவன். ஊரில் பாதிப் பேர் என் கையெழுத்தின் மேல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பொய்யான ஒரு தாளிலும் நான் அதைப் போட்டதில்லை. இப்போது என் பேத்திக்கு மரியாதை தெரியாது என்று சொல்லும் தாளில் போட வேண்டுமாம்.

“அசுசேனா, டீச்சர்கிட்ட என்ன சொன்னே?”

“ஒண்ணும் இல்ல தாத்தா.”

“ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு மை செலவு பண்ணியிருக்காங்க?”

“அவங்களையே கேளுங்க.” சூப்பில் மிதந்த பூசணித் துண்டைக் கரண்டியால் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழன் நண்பகல் என்பது சும்மா வைத்த கெடு அல்ல. அன்றைக்குத்தான் ஆசிரியர்கள் கூடி, ஜூலை ஒன்பது, எங்கள் நாட்டின் சுதந்திர தின விழாவில் பள்ளியின் கொடியைத் தாங்கப் போவது யார் என்று உறுதி செய்வார்கள். மதிப்பெண்படி அது அசுசேனாதான். ஆனால் தண்டனை பாக்கி வைத்திருக்கும் பிள்ளைக்குக் கொடி கிடையாது. அடுத்த இடத்தில் நிற்கும் மருந்துக்கடை கந்தோல்போவின் மகளுக்குப் போய்விடும். அந்தக் கொடியை என் தகப்பனார் தாங்கினார். நான் தாங்கினேன். எல்வீரா தாங்கினாள். கந்தோல்போக்கள் இந்த ஊருக்கு வந்தே இருபது வருடம் ஆகவில்லை.

“கையெழுத்துப் போட்டுடுங்கப்பா. பள்ளிக்கூடப் பதிவேட்டுல பாதுகாவலர்னு உங்க பேருதான் இருக்கு,” என்றாள் எல்வீரா.

என் பெயர்தான் இருக்கிறது. அப்படி எழுதச் சொன்னதும் நான்தான். இல்லாவிட்டால் அந்தப் பதிவேட்டில் அரிஸ்மெந்தி என்ற எங்கள் குடும்பப் பெயரே இருந்திருக்காது. பிள்ளை என் மாப்பிள்ளையின் பெயரைத் தாங்கி ஷ்னைதர் ஆகிவிட்டாள்.

“அவ எழுதவும் வேண்டாம், நான் போடவும் மாட்டேன். தண்டனை கொடுத்தவங்க அதைத் திரும்ப வாங்கிக்கட்டும்.”

“மாமா, ஒரு சொல்லை எழுதினா என்ன குறைஞ்சிடும்?” என்றான் மாப்பிள்ளை ஓமார். டிராக்டர் பழுதுபார்ப்பவன். நல்லவன், வாய் மூடத் தெரியாதவன். “நான் படிக்கிறப்ப ‘அடங்குதல்’னு ஒரு சொல்லைக் கொடுப்பாங்க. ஒரே வருஷத்துல மூணு நோட்டு தீர்த்திருக்கேன்.”

“பார்த்தாலே தெரியுது மாப்பிள்ளை.”

செவ்வாயன்று தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். ‘வகுப்பாசிரியையிடம் பேசிக்கொள்ளவும்’ என்று அதே தாளின் பின்பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினாள். பின்பக்கத்தில்! என் காலத்தில் நீதிமன்றத்துக்குக் கோழித் திருட்டுப் புகார்கூடப் புதுத் தாளில்தான் வரும்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்று மாலை நோட்டுப்புத்தகம் மறுபடியும் என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. திறந்தால் ஏழு பக்கம் நிறைய எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் குறடு அளவு. ஓரத்தில் கட்டைவிரல் ரேகையோடு கிரீஸ் கறை. கீழே ஓமார் ஷ்னைதர் என்று கையெழுத்து. அதற்கும் கீழே சிவப்பு மை: ‘இதை எழுதியது மாணவி அல்ல. காலங்களில் பாதிக்கு மேல் காணவில்லை. நீவிர் என்பதையே காணவில்லை. கையெழுத்தும் பாதுகாவலருடையது அல்ல.’

“பட்டறையில சாப்பாட்டு நேரத்துல உக்காந்து எழுதி நானே பள்ளிக்கூடத்துல கொடுத்தேன் மாமா. கொடி போயிடுமேன்னுதான்.”

“அரிஸ்மெந்தி வீட்டுத் தண்டனையைப் பட்டறையில வச்சு எழுதினீங்களா?”

“நீவிர்னு யாரு மாமா பேசறா? பாதிரியார் பூசையில சொல்றதோட சரி. நம்ம ஊருல ஒருத்தர் நீவிர்னு கூப்பிட்டா நான் பின்னால திரும்பிப் பார்ப்பேன், வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு.”

எல்வீரா சிரித்துவிட்டாள். அசுசேனாவும் சிரித்தாள். நான் எழுந்துபோய் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வியாழன் காலை பத்தரை மணிக்குக் கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இடைவேளை முடிந்திருந்தது. தாழ்வாரத்தில் டெல்மா மொரேய்ரா சுடுநீர் பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாத்தே இலைத் தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். வெள்ளை மேலங்கி கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. அவளுடைய தகப்பன் ஆற்றுமீனை வண்டியில் வைத்து என் தெருவில் கூவி விற்றவன்.

“வாங்க தோன் லெயாந்த்ரோ. நீங்க திங்கட்கிழமையே வருவீங்கன்னு நெனச்சேன்.” ‘தோன்’ என்று மரியாதை சேர்த்தே என் பெயரைச் சொன்னாள்.

“என் பேத்தி செஞ்ச தப்பு என்னன்னு தெரியாம நான் எதுலயும் கையெழுத்துப் போட முடியாது டீச்சர்.”

“அவ சொல்லலையா?”

“வாயைத் திறக்கல.”

அவள் குழலை வாயிலிருந்து எடுத்தாள். “நான் சொல்லாம இருக்கலாம்னுதான் பார்த்தேன். கேட்டுட்டீங்க. பேசாதேன்னு விரலை நீட்டி ஒரு அதட்டு போட்டேன். எழுந்து நின்னா. ‘செதில் ஒட்டின கையால அரிஸ்மெந்தியை நோக்கி விரல் நீட்டக் கூடாது’ன்னா. இருபத்தெட்டுப் பிள்ளைங்க முன்னால.”

எனக்கு உடனே மறுக்கத் தோன்றியது. ஆனால் அது என் வாக்கியம். ‘செதில் ஒட்டின கை’ என்று இந்த ஊரில் வேறு யாரும் சொல்லமாட்டார்கள். மார்ச்சில் டெல்மா மொரேய்ராவுக்கு ஏழாம் வகுப்பு கிடைத்த செய்தி வந்த அன்று, ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வெட்டிக்கொண்டே நான் சொன்னது. ஓமார்கூடச் சங்கடமாகத் தலையைக் குனிந்துகொண்டான். சிறுமி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. மூன்று நாளாக என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவள் வாயை மூடிக்கொண்டிருக்க, நான் தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

தொப்பியை எடுத்தேன். எடுத்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“அந்தப் பேச்சு என்னோடது டீச்சர்.”

“தெரியும். பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு அப்படிப் பேச வராது.”

“உங்ககிட்ட நான்...” முப்பத்தொரு வருடம் மற்றவர்களை மன்னிப்புக் கேட்க வைத்தவன் நான். நானே கேட்டுப் பழக்கமில்லை. “நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“சரி,” என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “பதினொண்ணு ஆகப்போகுது. பன்னெண்டுக்குக் கூட்டம். பிள்ளையை வரச் சொல்றேன். ஓவிய அறை காலியா இருக்கு.”

அசுசேனா உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். நான் எதிரில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான நாற்காலியில், முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். ‘மதித்தல்’ ஒழுங்கான சொல். அடியில் ஒன்றும் மாறாது. வால் மட்டும் மாறும். மதிக்கிறேன், மதிக்கிறாய், மதிக்கிறான், மதிக்கிறோம், நீவிர் மதிக்கிறீர், மதிக்கிறார்கள். மதித்தேன். மதித்துக்கொண்டிருந்தேன். மதித்திருந்தேன். மதிப்பேன். மதித்திருப்பேன். மதித்திருக்கக்கூடும். எங்கள் ஸ்பானியத்தில் பதினாறு காலங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பேர், ஏவல் தனி. அதில் ஒரு காலம் பழைய சட்டப் புத்தகங்களில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. அதை வேலையில் பயன்படுத்திய கடைசி மனிதன் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

“சீக்கிரம் எழுதும்மா.”

“கிறுக்கினா திருப்பி எழுதச் சொல்வாங்க தாத்தா.”

கோடு போட அடிக்கோல் வைத்தாள். ஒவ்வொரு காலத்தின் தலைப்புக்கும் அடிக்கோடு. பச்சை மை. ஒரு தலைப்புக்குப் பக்கத்தில் பூ வேறு. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“பூ யாரு கேட்டா?”

“நடுவுல பேசாதீங்க தாத்தா, எண்ணிக்கை விட்டுப்போகுது.”

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டாவது காலத்தில் இருந்தாள். டெல்மா மொரேய்ரா வாசலில் வந்து நின்றாள். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தோன் லெயாந்த்ரோ, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. நாலு காலமும் ஏவலும்தானே பாக்கி. வீட்டுல எழுதட்டும், நாளைக்குப் பார்த்துக்கறேன். கூட்டத்துல முடிஞ்சுதுன்னு சொல்லிடறேன்.”

முடியாத தாளில் நான் என் வாழ்நாளில் கையெழுத்துப் போட்டதில்லை. போடச் சொல்லி நிலக்காரர்கள் வந்திருக்கிறார்கள், ஒரு மேயர் வந்திருக்கிறார், என் சொந்தத் தம்பி வந்திருக்கிறான். எல்லோரையும் வெளியே அனுப்பியிருக்கிறேன். இருந்தும் அந்த மீன்காரன் மகளின் முகத்தைப் பார்த்து, கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினேன்.

அசுசேனா நோட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தாள்.

“வேண்டாம் தாத்தா.”

“கையை எடு.”

“இன்னும் முடியல. முடியாததுல நீங்க போடக் கூடாது.”

“கொடி போயிடும்டீ!”

“போகட்டும். முடிச்ச மாதிரி பொய் சொல்லித் தூக்கினா அது கனக்கும்.”

“டீச்சரே சரின்னு சொல்றாங்க!”

“அவங்க நல்லவங்க, அதனால சொல்றாங்க,” என்றாள். கையை எடுக்கவில்லை.

எவ்வளவு கெஞ்சினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எட்டு வயதிலிருந்து இந்தப் பிள்ளையின் காதில் நான் ஓதியது எல்லாம் ஒன்றுகூட வீணாகவில்லை. எல்லாம் சேர்ந்து அன்று ஓவிய அறையில் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. டெல்மா மொரேய்ரா உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். மணி அடித்தது. அசுசேனா பதின்மூன்றாவது காலத்துக்கு அடிக்கோடு போட்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு முடித்தாள். ஒவ்வொரு வரியையும் படித்தேன். ஒரு பிழை இல்லை. அடியில் என் முழுப்பெயரையும் போட்டேன்.

ஜூலை எங்கள் பக்கம் குளிர்காலம். ஒன்பதாம் தேதி காலையில் உறைபனி. கந்தோல்போவின் மகள் கொடியைத் தாங்கினாள். கம்பத்தை அவள் பிடித்த விதம் துடைப்பம் பிடித்தது போல இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அசுசேனா துணைக்கு இடப்பக்கம் நின்றாள். தேசியகீதம் முடிந்து பிள்ளைகளுக்குச் சூடான சாக்லெட் ஊற்றும்போது கந்தோல்போ என்னிடம் வந்தார்.

“தோன் லெயாந்த்ரோ, உங்க பேத்திக்குத்தான் வரணும்னு ஊரே பேசிக்குது. என்ன ஆச்சு? டீச்சர் ஏதாவது பாரபட்சம்...”

சுற்றிலும் ஏழெட்டுப் பேர். எல்வீரா என் முழங்கையைப் பிடித்தாள். ஓமார் கோப்பைக்குள் பார்த்தான். ஆமாம் என்று ஒரு சொல் போதும், ஊர் நம்பியிருக்கும்.

“பாரபட்சம் எதுவும் இல்ல,” என்றேன். “டீச்சரோட அப்பாவைப் பத்தி என் வாய்தான் தப்பாப் பேசிச்சு. பிள்ளை அதை வகுப்புல சொல்லி மாட்டிக்கிட்டா. கொடியைப் போக்கினவன் நான். உங்க பொண்ணுகிட்ட கம்பத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்க.”