மூன்று முறை அழைத்தோம்

மணி பத்தேகால்கூட ஆகவில்லை. அதற்குள் தொலைத்தொடர்பு ஆணையத்தின் புகார்ப் பிரிவில் பதினெட்டுப் புகார்கள் முடிந்துபோயின. முடிந்தன என்றால் தீர்ந்தன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முடித்துவைக்கப்பட்டன, அவ்வளவுதான்.

“சார், இதுவும் போன் வேலை செய்யலங்கற புகார்தான்,” என்று தட்டச்சர் அம்மா அடுத்ததைப் படித்தார். “கம்பெனி பதில் அனுப்பியிருக்கு. மூன்று முறை அழைத்தோம், வாடிக்கையாளர் எடுக்கவில்லை.”

“முடிச்சுடும்மா,” என்றார் கண்காணிப்பாளர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆபீசில் அவருக்கு ‘முடிச்சுடு சார்’ என்றே பெயர். அவருக்கும் அது தெரியும், உள்ளூரப் பெருமைதான். ஒரு காலத்தில் இந்த நகரத்தில் போன் கொடுக்க அரசு இலாகா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விண்ணப்பம் போட்டுவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். பிறகு சந்தையைத் திறந்துவிட்டார்கள், நாலு கம்பெனிகள் வந்தன. அவர்கள் ஜனங்களைப் பந்தாடாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த ஆணையம். புகார் வந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம். முடித்த புகார்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று சுவரில் ஒரு அட்டை தொங்கியது. இரண்டு பக்கமாக இருந்த புகார்ப் படிவத்தை ஒரே பக்கமாகச் சுருக்கியதற்காக அவர் வாங்கிய பாராட்டுக் கடிதம், கண்ணாடிச் சட்டம் போட்டு, அதற்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தது.

இன்றைக்கு என்னவோ அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேஜைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒன்பது நாளாக அக்காவிடமிருந்து போன் இல்லை. தினமும் காலையில் அவர் பஸ் ஏறும் நேரம் பார்த்துக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்காவிட்டால் அக்காவுக்குப் பொழுது விடியாது.

பத்து நாளைக்கு முன்னால் இருவருக்கும் வாய்ச்சண்டை. பழைய கம்பெனியின் சிக்னல் வீட்டுக்குள் வருவதில்லை என்று அக்கா புலம்ப, வேறு கம்பெனிக்கு மாறச் சொன்னதே இவர்தான். “நம்பர் அப்படியே இருக்கும்க்கா. கம்பெனி மட்டும்தான் மாறும். அதுக்குத்தானே சட்டமே போட்டிருக்கோம்.” அக்கா பயந்தது நம்பருக்காகத்தான். அத்தானுக்கு இரண்டு கண்ணும் மங்கி இரண்டு வருஷமாகிறது. தானமாகக் கண் கிடைத்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். அன்றைக்கே போய்ப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அவர்களிடம் கொடுத்திருப்பது அந்த ஒரே நம்பர். கூட வந்து மாற்றிக் கொடுடா என்று அக்கா கேட்டபோது, ஆபீசில் தலைக்கு மேல் வேலை என்றார் இவர். “ஊருக்கெல்லாம் போனைச் சரி பண்றவனுக்கு எங்க வீட்டுக்கு வர நேரமில்லையா?” என்று அக்கா பட்டென்று வைத்துவிட்டாள். இவருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவளே கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம்தான் வீம்பு தளர்ந்து இவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது. இன்று காலையிலும் அதே குரல்தான்.

மேஜைமேல் கைப்பேசி அதிர்ந்தது. பாய்ந்து எடுத்தார். தெரியாத நம்பர். எவனோ புகார்க்காரன் நம்பரை எங்கிருந்தோ பிடித்துவிட்டான் என்று முகத்தைச் சுளித்து, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். தெரியாத நம்பரை எடுப்பதில்லை என்பது அவர் கட்டுப்பாடு.

“சார், அடுத்தது...”

“நீங்களே பாத்து வைங்கம்மா. நான் அரை நாள் லீவு.”

இரண்டு பஸ் மாறி, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கக் கதவைத் தட்டினார். அக்கா திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முன்னறையில் அத்தான் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பேசி.

“மாப்ளையா? காலடிச் சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு,” என்றார் அத்தான். கைப்பேசியைத் தடவி எடுத்து நீட்டினார். “இதைக் கொஞ்சம் பாரேன். ராத்திரி பகல்னு சார்ஜ் போட்டுத்தான் வெச்சிருக்கேன். சத்தமே வர மாட்டேங்குது.”

வாங்கிப் பார்த்தார். சார்ஜ் நூறு இருந்தது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

“என்னக்கா ஆச்சு? மாத்தலையா?”

“மாத்தினேன். நீ சொன்னேன்னு நம்பி மாத்தினேன்,” என்றாள் அக்கா. “பழைய கம்பெனிக்காரன், எங்ககிட்டேருந்து போயாச்சுங்கறான். புதுக் கம்பெனிக்காரன், எங்ககிட்ட இன்னும் வரலைங்கறான். நம்பர் நட்டாத்துல நிக்குது. பக்கத்து வீட்டுப் போன்லேருந்து உங்க ஆபீசுக்கே புகார் சொன்னேன்.”

“எங்ககிட்டயா? எனக்கு வரவே இல்லையே.”

அக்கா உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள். ஆணையத்தின் முத்திரை. ‘கம்பெனி தங்களை மூன்று முறை அழைத்தும் தாங்கள் எடுக்காத காரணத்தால் தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது.’ கீழே அவருடைய கையெழுத்து, வழக்கமான சுழியோடு.

“வேலை செய்யாத போனுக்குப் போன் பண்ணிட்டு, எடுக்கலைன்னு எழுதியிருக்கீங்களேடா. இதைப் படிச்சுட்டு சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.”

அவர் கடிதத்தை மடித்தார். பழைய படிவத்தில் ‘தொடர்புக்கு வேறு எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்தைக் குறைப்பதற்காக முதலில் வெட்டியதே அதைத்தான். அந்த வெட்டுக்குத்தான் பாராட்டுக் கடிதம்.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொல்லாம? பக்கத்து வீட்டு நம்பர்லேருந்து எத்தனை தடவை கூப்பிட்டேன். இன்னிக்குக் காலையிலகூட.”

கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். எடுக்காத அழைப்புகள் பதினான்கு. எல்லாம் ஒரே தெரியாத நம்பர். கடைசி அழைப்பு, அவர் முகத்தைச் சுளித்துக் கவிழ்த்து வைத்தது.

அப்போதுதான் அவருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த அந்த ஒரே நம்பர் நினைவுக்கு வந்தது. “ஆஸ்பத்திரியிலேருந்து...?”

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நேத்து மாசப் பரிசோதனைக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை கண் வந்துச்சாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்காங்க, உபயோகத்துல இல்லைன்னு வந்துச்சாம். அடுத்தவருக்கு வெச்சுட்டாங்க. இனி எப்ப வருமோ, அவங்களுக்கே தெரியலையாம்.”

அவர் அத்தானின் காலடியில் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வந்த அழுகையை மறைக்கவும் தோன்றவில்லை.

“என்னை மன்னிச்சுடுங்க அத்தான்.”

“யாரோ ஒருத்தருக்குப் பார்வை வந்திருக்கு மாப்ளே. அதுல எனக்குக் குறையில்லை,” என்றார் அத்தான். “ஆனா ஒண்ணு கேக்கறேன். ஒரே இலாகா இருந்தப்ப அவங்க வாசல்ல போய் நின்னு சத்தமாவது போட்டோம். இப்ப நாலு கம்பெனி. அவனைக் கேளுன்னு இவன் கை காட்டறான், இவனைக் கேளுன்னு அவன் கை காட்டறான். ரெண்டு பேரையும் பிடிச்சு நிறுத்திக் கேக்கத்தானே உன்னை அங்க உக்கார வெச்சிருக்கு? நீயும் கை காட்டினா நாங்க எங்க போறது?”

மறுநாள் ஆபீசுக்குப் போகும் வழியிலேயே ஆஸ்பத்திரியில் இறங்கி, அத்தான் பெயருக்கு நேரே தன் நம்பரையும் அக்காவின் பக்கத்து வீட்டு நம்பரையும் எழுதி வைத்தார். பிறகு ஆபீசுக்கு வந்து, ‘எடுக்கவில்லை’ என்று முடித்துவைத்த அந்த மாதப் புகார்கள் அத்தனையையும் திறக்கச் சொன்னார். நானூற்றுப் பன்னிரண்டு. தட்டச்சர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “முடிக்கறதா சார், திறக்கறதா?” என்று மறுபடி கேட்டார்.

“திறங்கம்மா. விலாசத்துக்குக் கடிதம் போடுங்க, பக்கத்துல இருந்தா நேர்ல ஆள் அனுப்பலாம். படிவத்துல அந்தப் பழைய கட்டத்தையும் திரும்பச் சேருங்க.”

மத்தியானம் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். “என்ன சார் இது, தொண்ணூற்றெட்டு அறுபதுக்கு வந்துடும் போலிருக்கே. மேலிடத்துல என்ன பதில் சொல்றது?”

“உள்ளதைச் சொல்லுவோம் சார்,” என்றார் அவர். “கம்பெனி நாலு வந்தா என்ன, நாப்பது வந்தா என்ன. குறை சொல்றவங்களைக் காது கொடுத்துக் கேக்க ஒரு ஆள் இல்லைன்னா ஜனங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. புகாரை முடிக்கிறது நம்ம வேலை இல்லை சார். குறையைத் தீர்க்கிறதுதான் வேலை. என் வீட்டுலயே ஒரு கண்ணு போன பிறகுதான் எனக்கு இது உறைச்சுது. இன்னொரு வீட்டுல அப்படி ஆக வேண்டாம்.”

இயக்குநர் பதில் சொல்வதற்குள் கண்காணிப்பாளரின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. தெரியாத நம்பர். ஆஸ்பத்திரியோ என்று, இயக்குநரிடம் உத்தரவுகூடக் கேட்காமல் எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி இல்லை. யாரோ ஒரு அம்மாள். தன் கடைப் போன் செத்து ஆறு நாளாகிறது, யாருமே கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். இயக்குநரின் மேஜையிலிருந்த பேனாவையே எடுத்துக்கொண்டார்.

“நான் கேக்கறேம்மா. வேலை செய்யற நம்பர் வேற ஏதாவது இருந்தா அதை முதல்ல சொல்லுங்க.”