கத்தியால் திறந்த ரொட்டிப் பெட்டி

மகள் வாய் தவறிச் சொன்னதுதான். போனில் அம்மாவிடம் எல்லாக் கதையும் பேசி முடித்துவிட்டுக் கடைசியில், "அப்பா செஞ்சு குடுத்த ரொட்டிப் பெட்டியா? பாக்க நல்லாத்தான் இருக்கு. கதவுதான் பாதியில நின்னுடுது. அத்தை கத்தியால நெம்பித் தொறந்துக்கறாங்க. அப்பாகிட்ட சொல்லிடாதம்மா" என்றாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாய்க்குப் போன கை அப்படியே நின்றது. நாற்பது வருடத் தச்சர் அவர். நடக்கும்போதுகூட முதுகு வளையாது என்பதால் கடைத்தெருவில் அவருக்கு, கோணல் பார்க்கும் கருவியின் பேரான, ரசமட்டம் என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெட்டி பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குப் போன பொருள். சம்பந்தியம்மாள் வீட்டு முன்னறையில் ரொட்டிக் கடை வைத்திருந்தார். அதற்காகவே பார்த்துப் பார்த்துச் செய்தது. மரத்தை முப்பத்திரண்டு மெல்லிய பட்டைகளாக அறுத்துக் கித்தான் துணியில் வரிசையாக ஒட்டி, பக்கப் பலகைகளில் வளைவாகக் காடிப் பள்ளம் வெட்டி, கடை ஷட்டர் போல மேலேறிப் பின்னால் போய் மறையும் கதவு. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே தலைமுடி நுழையாது. பெட்டியைக் கொடுத்த அன்று அத்தனை பேர் முன்னால் ஒற்றை விரலால் திறந்து காட்டிவிட்டு வந்திருந்தார். இப்போது கத்தியாம்.

"ஒரு பெட்டிதானே. அடுத்த தடவை போறப்ப எடுத்துட்டு வந்து சரிபண்ணிக் குடுங்க" என்றார் மனைவி.

"குடுத்ததைத் திரும்பத் தூக்கிட்டு வர்றதா? தெரு பூரா பாக்கும்."

"அப்ப விடுங்க."

"விடறதா? அந்தக் கத்தியைப் பாக்கறப்பெல்லாம் என் பொண்ணு தலை குனியணுமா?"

"அவ எங்க குனியப்போறா? உங்க பொண்ணு. அவளுக்கும் கழுத்து வளையாது."

மறுநாள் முதல் பஸ்ஸில் மடியில் கருவிப் பையும் கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய பலகையுமாக அவர் கிளம்பினார்.

பையைப் பார்த்ததுமே சம்பந்தியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டிமேல் கிடந்த கத்தியை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "வாங்க சம்பந்தி, வாங்க. காப்பி குடிங்க முதல்ல."

"பெட்டியைப் பாத்துட்டுக் குடிக்கிறேன்."

கதவின் கைப்பிடியில் விரலை வைத்துத் தூக்கினார். பாதிவரை ஏறியது. அப்புறம் அடம்பிடிக்கும் குழந்தை போல நின்றுவிட்டது.

ரொட்டிக்கு நின்றிருந்த தையல்காரர் எட்டிப் பார்த்தார். "அம்மா, இதானே உங்க சம்பந்தி கைவேலைன்னு ஊரெல்லாம் சொன்னீங்க?"

"அவர் மேல என்ன தப்பு?" என்றார் சம்பந்தியம்மாள் சட்டென்று. "என்னுது மாவுக் கை. அவசரத்துல கோணலா இழுத்துக் கெடுத்துட்டேன்."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். தையல்காரர் தலையாட்டினார். அதோடு முடிந்திருக்கும். பேசாமல் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, கொஞ்சம் மெழுகு தேய்த்துவிட்டு, மரியாதையாக ஊர் திரும்பியிருக்கலாம்.

தச்சர் குனிந்து காடியைத் தடவிப் பார்த்தார். பக்கத்திலேயே ரொட்டி அடுப்பு. அதன்மேல் ஒரு பெரிய கெட்டில் ஓயாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பட்டைகள் ஈரம் குடித்து உப்பியிருந்தன. அகலத்தில் உப்பி ஒன்றையொன்று நெருக்கின. கனத்தில் உப்பிக் காடியை அடைத்தன. முடி நுழையாத வேலை என்று பெருமைப்பட்டாரே, அதுதான் வினை.

"கை மேல தப்பில்ல. செஞ்சவன் மேல" என்றார், தையல்காரரைப் பார்த்தே.

சம்பந்தியம்மாள் பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "வெளியாள் முன்னால எதுக்குங்க?"

"நீங்க அவர் முன்னாலதானே பழியை ஏத்துக்கிட்டீங்க? அவர் முன்னாலதான் எறக்கணும். மரம் ஈரத்துல உப்பும்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். நான் எடம் விடல. என் கைவேலையில எடுத்துக்க வேண்டிய பேரை நான் எடுத்துக்கறேன், கெட்ட பேரையும் சேத்து."

தையல்காரருக்கு ரொட்டி வாங்கியும் நகர மனம் வரவில்லை.

கதவைக் கழற்றவேண்டுமானால் பெட்டியின் முதுகுப் பலகையைத் திறக்கவேண்டும். ஆனால் ஆணி தெரிவது கேவலம் என்று அதையும் ஒரேயடியாகப் பசை போட்டு ஒட்டியிருந்தார். திறக்க வழியில்லை. உடைக்கத்தான் வேண்டும். உளியை இடுக்கில் வைத்தார்.

"ஐயோ, ஒடைக்காதீங்க! நான் கத்தியாலயே தொறந்துக்கறேன்!"

"அதுக்காகத்தான் ஒடைக்கிறேன்."

கொட்டாப்புளியால் மூன்று அடி. நான்கு நாள் இழைத்து வழவழப்பாக்கிய பலகை படாரென்று பிளந்தது. அவர் முகம் மாறவில்லை. கை மட்டும் ஒரு நொடி பலகைமேல் நின்றது.

கதவைப் பாய் போல உருவி எடுத்தார். மகள் மாவு பிசையும் மேஜையைத் துடைத்துக் கொடுத்தாள். மேஜை விளிம்பில் துணிப்பக்கம் கீழே இருக்கும்படி மடித்துத் தொங்கவிட்டதும், மடிப்பில் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. அந்த இடுக்கில் பட்டையின் விளிம்பை ஒரு சீவல் சீவினார். அடுத்த பட்டையை விளிம்புக்கு இழுத்தார். சீவினார். முப்பத்திரண்டு பட்டை, இரண்டிரண்டு ஓரம். இடுக்கில் பிதுங்கிக் காய்ந்திருந்த பசையையும் சுரண்டி எடுத்தார். பிறகு காடிக்குள் ஓடும் நுனிகளை இழைத்து மெல்லிசாக்கி, காடியில் மெழுகுவத்தியைத் தேய்த்தார். காப்பி மூன்று தடவை ஆறியது.

செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த பலகையைப் புது முதுகாக வைத்து, பசையில்லாமல் எட்டுத் திருகாணி போட்டு முடுக்கினார். எட்டும் பளிச்சென்று தெரிந்தன.

"மறைக்க ஏதாவது வெக்கலாமாப்பா?" என்றாள் மகள்.

"வேண்டாம். நாளைக்குக் கழட்ட வேண்டி வந்தா கழட்டணும்."

கதவு ஓடியது. சம்பந்தியம்மாள் முகம் மலர்ந்தது. தச்சர் விடவில்லை.

"இப்ப ஓடும். காஞ்சிருக்கு. கெட்டிலை நல்லாக் கொதிக்க விடுங்க. நான் சாயங்காலம்வரைக்கும் இருக்கேன்."

நாற்காலியைப் பெட்டிக்கு நேரே போட்டுக்கொண்டு, சாயாமல் உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லாம், இவர் ரொட்டிக்குக் காவலா பெட்டிக்குக் காவலா என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சுவரெல்லாம் ஆவி படிந்து வேர்த்தது. மாலை ரொட்டி வெந்து இறங்கியபோது, "இப்ப தொறங்க" என்றார். "நான் தொட மாட்டேன். உங்க மாவுக் கையாலயே தொறங்க."

சம்பந்தியம்மாள் கையைத் துடைக்காமல் ஒரு விரலால் தூக்கினார். கதவு சரசரவென்று ஏறிப் பின்னால் போய் மறைந்தது. மூடினார். திறந்தார். இன்னொரு தடவை மூடினார்.

அவர் கருவிகளைப் பையில் அடுக்கி எழுந்தார்.

"சம்பந்தி..." என்று இழுத்தார் அந்த அம்மாள்.

"சொல்லுங்க."

"கோவிச்சுக்கக் கூடாது. பொண்ணுக்குக் குடுத்தீங்களே கட்டில், அதுவும் ஒரு பக்கம் ஆடுது. அட்டையை மடிச்சு முட்டுக் குடுத்திருக்கோம்."

"அத்தை!" என்றாள் மகள்.

தரை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். பழைய கட்டடம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் பையைக் கீழே வைத்து, இழைப்புளியை மறுபடி வெளியே எடுத்தார்.

"எந்தக் கால்?" என்றார்.