தலைமையகம் இல்லாத சங்கம்

எதற்கெடுத்தாலும் தலைமையகத்தைக் கேட்க வேண்டுமே என்று, நாடெங்கும் கிளை விட்ட மாணவியர் சங்கத்தை உதறிவிட்டு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சின்னக் கல்லூரி ஒன்றில் கோரின் என்பவள் சொந்தமாக ஒரு சங்கமே தொடங்கினாள். உறுப்பினர் ஆறு பேர். ரகசியமாகக் கதவு தட்டும் முறையை வகுத்ததும் அவள்தான். தப்பாகத் தட்டினால் யாருக்கும் திறக்கக் கூடாதென்று சத்தியம் வாங்கியதும் அவள்தான்.

முதல் கூட்டத்தன்று, கொட்டும் பனியில் வந்து நின்றவளுக்கு அந்த முறை சுத்தமாக மறந்துபோயிற்று.

“டேபித்தா, நான்தான்டி! காது உறைஞ்சுபோச்சு, கதவைத் திற!”

“தெரியுதுடி தலைவி, ஜன்னல்ல பாத்துக்கிட்டுதானே இருக்கோம். சரியாத் தட்டு!”

“மறந்துடுச்சுடி! யாரைக் கேக்கறது?”

“தலைமையகத்தைத்தான்.”

“நமக்கு ஏதுடி தலைமையகம்?”

“நீதான்டி!”

எதிர்ப்புறம் அவள் உதறிவிட்டு வந்த பெரிய சங்கத்தின் வீடு. அங்கே போய் அவள் தட்டிய ஒரே தட்டலில் கதவு திறந்தது. சூடாகக் கோக்கோ கொடுத்தார்கள். கூடவே சேர்க்கைப் படிவத்தையும் நீட்டினார்கள்.