உலையடியில் இரண்டாவது ஆள்

வேம்புலியோடு வேலை பார்த்த அய்யாசாமி வயதாகி நின்றுவிட்டபின், அந்த இடத்துக்குக் கம்பெனி ஆள் போடவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரங்களைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கும் கொட்டகை அது. சக்கரங்கள் அடுக்கிய இரும்புத் தட்டை உலையிலிருந்து வெளியே இழுக்க இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் கொக்கி போடவேண்டும். வேம்புலி இந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கமும் இழுத்தார். சாயங்காலம் பருத்திப்பட்டு வீட்டில் மனைவி கெங்கம்மாள் அவர் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிடுவாள்.

தொண்ணூற்று மூன்றில் ஜானகிராமன் என்பவர் மேனேஜராக வந்தார். அவருக்கு அனல் ஆகாது. கொட்டகைக்குப் போகாமலே கொட்டகையைப் பார்க்க ஒரு கேமரா வைத்தார். அதிலிருந்து முறுக்கிய இரட்டை வயர் ஒன்று காம்பவுண்டுச் சுவரை முழுக்கச் சுற்றிக்கொண்டு போய், ஆபீஸ் மாடியில் அவருடைய டிவியில் முடிந்தது.

உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்க வேம்புலி ஒருநாள் மாடிக்குப் போனார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கீங்களேப்பா" என்றார்.

"நான் ஒண்டியாத்தான் சார் கீறேன்."

"தினமும் பாக்கறேனே. உனக்கு வலது பக்கத்துல ஒருத்தர், கொஞ்சம் வெளுத்தாப்ல. நீ குனிஞ்சா அவரும் குனியறார். நல்ல ஒத்துழைப்பு."

வேம்புலி டிவியைப் பார்த்தார். இருட்டுக் கொட்டகையும் எண்ணெய்ப் புகையும் மங்கலாகத் தெரிந்தன. ஆள் யாரும் இல்லை. நீ இங்கே வந்ததும் அவரும் எங்கேயோ போய்விட்டார், அதையும் விசாரிக்கவேண்டும் என்றார் மேனேஜர். இரண்டு பேர் இருந்தும் வேலை இவ்வளவுதான் நடக்கிறது என்பதில் அவருக்கு வருத்தம் வேறு.

மறுநாள், வேலை இடத்தைவிட்டுச் சொல்லாமல் போனதற்கு விளக்கம் கேட்டு 'உலைப் பிரிவு, இரண்டாம் நபர்' பெயருக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் பியூன் அதை வேம்புலியிடமே கொடுத்தான். வேம்புலி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வேலைக்கு நடுவே அவ்வப்போது வலது பக்கம் திரும்பிப் பார்ப்பதும் வழக்கமாயிற்று.

கேமரா விற்ற கம்பெனியிலிருந்து அதன் கண்ணாடியைத் துடைக்க நாகவல்லி என்ற பெண் வந்தபோது, அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "நீங்க எப்பவும் போல வேலை பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

டிவியில் இரண்டு பேர் தெரிந்தார்கள். அவள் டிவிக்குப் பின்னால் போய் வயர் வந்து சேரும் பெட்டியைத் திறந்தாள். இந்த வயரில் யார் கை வைத்தது என்று கேட்டாள். எலக்ட்ரீஷியன் சம்பத் வந்து ஒப்புக்கொண்டார். மேனேஜருக்குக் காற்று வரவில்லையென்று மேசையை ஃபேனுக்கு அடியில் நகர்த்தியபோது வயரை வெட்டி மறுபடி மாட்டியிருக்கிறார். நுனியில் இரண்டு வயரையும் சேர்த்தபடி அரிசி பருமனில் ஒரு ரெசிஸ்டர் இருந்தது. ஷார்ட் ஆகிவிடுமே என்று அதை எடுத்துப் போட்டுவிட்டார்.

கரண்ட் வயராக இருந்தால் நீங்கள் செய்தது சரிதான் என்றாள் நாகவல்லி. படம் ஓடுகிற வயரில் கடைசியில் அதை வாங்கி அடக்க ஒன்று இருக்கவேண்டும். இல்லாவிட்டால் படம் நுனியில் மோதித் திரும்பி, கேமரா வரை போய், அங்கேயும் மோதி மறுபடி வரும். தாமதமாக வருவதால், இருக்கும் ஆளுக்கு வலது பக்கம் இன்னொரு ஆளாக மங்கலாக விழும். மற்றதெல்லாம் இருட்டோடு போய்விட, உலை வெளிச்சத்தில் நிற்கிறவர் மட்டும் இரண்டாகத் தெரிந்திருக்கிறார்.

பையிலிருந்து ஒரு ரெசிஸ்டரை எடுத்துப் பற்றவைத்தாள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்த ஆள் காணாமல் போனார்.

வேம்புலியைக் கூப்பிட்டனுப்பினார்கள். மேனேஜர் அவரை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். மெமோவை வாங்கிக் கிழித்தார். மன்னிக்கவேண்டும் என்றுகூடச் சொன்னார். பிறகு சற்று யோசித்தார்.

"அப்ப இத்தனை நாளும் ஒரே ஆள்தான் இவ்வளவு வேலையும் செஞ்சிருக்கே."

"ஆமா சார்."

"அப்ப ஒரு ஆளே போதும்னு ஆகுதே."

வேம்புலி டீயைக் குடித்து முடித்தார். கீழே வந்து, வெந்துகொண்டிருந்த தட்டைக் கவனமாக எடுத்து எண்ணெயில் இறக்கினார். உலைக்குள் இன்னும் ஒரு காலித் தட்டு இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கேமராவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். கோபம் வந்திருக்கவேண்டும்தான். ஆனால் உட்கார்ந்ததும் இடுப்புக்கு அத்தனை சுகமாக இருந்தது.

மேனேஜர் நெடுநேரம் டிவியைப் பார்த்தார். படம் நின்றுபோய்விட்டது என்று நாகவல்லிக்குப் போன் செய்தார். புகை அசைகிறதா என்று அவள் கேட்டாள். அசைகிறது என்றார். அப்படியானால் படம் சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

கடைசியில் மூக்கில் கைக்குட்டையைப் பிடித்தபடி அவரே கொட்டகைக்கு வந்தார். வேம்புலி மரியாதையாக எழுந்து நின்று, ஒரு கொக்கியை அவரிடம் நீட்டினார்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க சார். ஒரு தட்டுதான்."

மேனேஜர் பிடித்தார். இருவருமாக இழுத்தார்கள். தட்டு நேராக வந்தது. அவருடைய கண்ணாடியில் ஆவி படிந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கொக்கியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை நூம்பலிலிருந்து பால்ராஜ் என்பவர் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல பலசாலி. கொக்கி போடும்போதும் பேசினார், சாப்பிடும்போதும் பேசினார், பஸ் நிறுத்தம் வரை கூடவே பேசிக்கொண்டு வந்தார்.

"ஆள் எப்பிடி?" என்று கேட்டாள் கெங்கம்மாள், தைலத்தை எடுத்துக்கொண்டு.

"இடுப்பு பரவால்ல" என்றார் வேம்புலி. "காதுக்கு எதனா கீதா பாரு."